தொண்டைக் கட்டியில் "பரம்பரையலகு விகாரம்" என்று அறிக்கை வந்தால், அது குடும்பத்து இரத்தத்தில் உள்ளது என்று பொருளா?

களுவாஞ்சிகுடி மகள்:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு வயது 63. இருபது வயதிலிருந்து பீடி குடித்தவர். சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலையும் போடுவார். வயலின் ஒரு வரம்பிலிருந்து கூப்பிட்டால் மறு வரம்பில் நிற்பவருக்குக் கேட்கின்ற குரல் அவருடையது. கடந்த ஐந்து மாதங்களாக அந்தக் குரல் கரகரத்து வந்தது. தடிமன் என்று நினைத்துக் கொத்தமல்லி அவித்துக் கொடுத்துக்கொண்டே காலத்தைக் கடத்திவிட்டோம். இறுதியில் ஈ.என்.ரி. கிளினிக்கில் கமரா விட்டுப் பார்த்து, குரல்நாணில் சிறு வளர்ச்சி இருப்பதாகக் கூறி, பயொப்சி எடுத்தார்கள். செதிள் மேலணிப் புற்றுநோய், முதலாம் நிலை என்று முடிவு வந்தது. கதிர்ச்சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள்.

என் கேள்வி சிகிச்சையைப் பற்றியது அல்ல. கனடாவிலுள்ள என் அத்தான் பணம் அனுப்பி, கட்டியின் மாதிரியைக் கொழும்பிலுள்ள ஒரு முகவர் மூலம் வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றுக்கு அனுப்பச் செய்தார். மூன்று வாரத்தில் வந்த அறிக்கையில் மூன்று வரிகள் தடித்த எழுத்தில் உள்ளன. முதலாவது, ரி.பி.53 என்ற பரம்பரையலகில் 473ஆம் இடத்தில் ஜி இருக்கவேண்டிய இடத்தில் ரி இருக்கிறது, அளவு 38 சதவீதம் என்கிறது. இரண்டாவது, சி.டி.கே.என்.2ஏ என்பதன் இரு பிரதிகளும் இழக்கப்பட்டுள்ளன என்கிறது. மூன்றாவது, பி.ஐ.கே.3சி.ஏ என்பதன் பிரதிகள் கூடியுள்ளன என்கிறது. எங்கள் பயொப்சி அறிக்கையிலும் "பி16 எதிர்" என்று ஒரு வரி உண்டு.

அறிக்கையை வாசித்த உறவினர் ஒருவர், "பரம்பரையில் விகாரம் என்று எழுதியிருக்கிறதே, அப்படியென்றால் பிள்ளைகளுக்கும் வரும்தானே" என்று சொல்லிவிட்டார். அந்தச் சொல் திருக்கோவில் வரைக்கும் போய்விட்டது. என் தங்கைக்கு அங்கே கலியாணம் பேசிக்கொண்டிருந்தோம். இப்போது அந்த வீட்டார் தொலைபேசியை எடுப்பதில்லை. அப்பா தன்னால்தான் எல்லாம் கெட்டது என்று பேசாமல் இருக்கிறார். இந்த மூன்று விகாரங்களும் எங்களுக்கு அவரிடமிருந்து வந்திருக்குமா? தெரிந்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.


பழைய உயிரியல் வாத்தியார், கல்முனை:

மகள், முப்பது வருடங்கள் உயர்தர வகுப்பில் இதே சொல்லைக் கரும்பலகையில் எழுதியவன் என்ற வகையில், உங்கள் வீட்டுக் குழப்பத்தில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. நமது பாடநூல்கள் "பரம்பரையலகு" என்கின்றன. இந்தியாவில் "மரபணு" என்கிறார்கள். இரண்டு சொல்லுக்குள்ளும் பரம்பரையும் மரபும் உட்கார்ந்திருப்பதால், அதில் ஒரு மாற்றம் என்றவுடன் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு வருவது என்றே காதில் விழுகிறது. ஆனால் அந்த அலகு, பெற்றோரிடமிருந்து வந்து சேர்ந்த பிறகு, உடம்பிலுள்ள ஒவ்வொரு கலத்திலும் வாழ்நாள் முழுவதும் வேலை செய்துகொண்டிருக்கும் ஒரு கட்டளை. அந்தக் கட்டளையில் பிழை விழக்கூடிய வழிகள் இரண்டு: பிறக்கும்போதே எல்லாக் கலங்களிலும் இருக்கும் பிழை ஒன்று, பிறந்து பல வருடங்களுக்குப் பின் ஏதோ ஒரு கலத்தில் மட்டும் விழுந்து, அக்கலம் பிரிந்து உண்டாகும் கலங்களில் மட்டும் தொடரும் பிழை மற்றொன்று. பிள்ளைகளுக்குப் போவது விந்திலோ முட்டையிலோ இருக்கும் பிழை மட்டுமே. குரல்நாணின் மேலணியில் உள்ள ஒரு கலத்தில் விழுந்த பிழைக்கு அங்கே போக வழியே இல்லை. தொண்டைப் புற்றுநோய்களில் காணப்படும் விகாரங்களில் மிகப் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

இனி உங்கள் அறிக்கையின் முதல் வரி. ரி.பி.53 என்பது 17ஆம் நிறமூர்த்தத்தின் குறுங்கையில் இருக்கிறது. அதன் புரதமாகிய பி53, 393 அமினோவமிலங்களால் ஆனது, 1979இல் கண்டறியப்பட்டது. டி.என்.ஏ. சேதமடைந்த கலத்தைப் பிரியவிடாமல் நிறுத்துவதும், திருத்த முடியாவிட்டால் அக்கலத்தைத் தானே மாளச் செய்வதும் அதன் வேலை. 473ஆம் இடத்தில் குவனின் இருந்த இடத்தில் தைமின் வந்தால், புரதத்தின் 158ஆம் இடத்தில் ஆர்ஜினினுக்குப் பதிலாக லியூசின் அமரும். ஓர் எழுத்துத்தான் மாறியது; ஆனால் டி.என்.ஏ.யைப் பற்றிப் பிடிக்கும் பகுதியில் மாறியதால் புரதம் கைவிட்டுப் போகிறது.

குவனின் தைமினாக மாறுவதைச் சற்று நின்று பார்க்கவேண்டும். புகையிலை எரியும்போது உண்டாகும் பென்சோபைரீன் என்ற பொருளை நமது உடம்பின் நொதியங்கள் கரைத்து வெளியேற்றப் பார்க்கின்றன. அந்த முயற்சியில் உண்டாகும் இடைப்பொருளே போய்க் குவனினில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டுப்பட்ட குவனினைப் பிரதிசெய்யும்போது எதிரே தவறான எழுத்து வைக்கப்பட்டு, அடுத்த சுற்றில் அது தைமினாக நிலைத்துவிடுகிறது. ஒரேயொரு விகாரத்தை வைத்து இது புகையின் வேலைதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் புகை விட்டுச்செல்லும் தடத்தின் வடிவம் இதுவே. 2016இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, நாளுக்கு ஒரு பெட்டி சிகரெட் வீதம் ஒரு வருடம் புகைப்பவரின் ஒவ்வொரு கலத்திலும் எத்தனை விகாரங்கள் சேர்கின்றன என்று கணக்கிட்டது: சுவாசப்பையில் சராசரியாக 150, குரல்வளையில் 97, தொண்டைக்குழியில் 39, வாயில் 23. அது சிகரெட்டுக்கான கணக்கு. வடிகட்டி இல்லாத, அணைந்துவிடாமல் இழுத்துக்கொண்டே இருக்கவேண்டிய பீடிக்கு இதைவிட இரக்கம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நாற்பது வருடங்களைப் பெருக்கிப் பாருங்கள். அந்த ஆயிரக்கணக்கான பிழைகளில் பெரும்பாலானவை வெறும் இடத்தில் விழுந்து கெடுதல் செய்யாமல் போயிருக்கும்; ஒன்று ரி.பி.53இல் விழுந்தது.

உங்கள் அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள்: பீடியை அவர் இழுத்தது உண்மை, ஆனால் அதன் விகாரத்தை அவர் எவருக்கும் கொடுக்கவில்லை.


நுணுக்குக்காட்டி, மட்டக்களப்பு:

நான் இழையவியல் ஆய்வுகூடமொன்றில் வேலை செய்யும் தொழினுட்பவியலாளர். சேர் சொன்னதற்கு மேல் "பி16 எதிர்" என்ற வரியையும் 38 சதவீதத்தையும் மட்டும் விளக்குகிறேன். இவ்விரண்டுமே அடிக்கடி தவறாக வாசிக்கப்படுபவை.

பயொப்சியில் எடுக்கப்பட்ட துண்டு ஓர் அரிசிமணி அளவுதான் இருக்கும். அதைப் போர்மலினில் நிலைப்படுத்தி, மெழுகில் பதித்து, கட்டையாக்கி, அதிலிருந்து நாலு மைக்ரோன் தடிப்பில் நாடா போலச் சீவி எடுத்து, வெந்நீரில் மிதக்கவிட்டுக் கண்ணாடியில் பிடிக்கிறோம். பி16 சோதனையில் அந்தப் புரதம் இருக்கும் கலங்கள் கபில நிறமாகத் தெரியும். கட்டிக் கலங்களில் 70 சதவீதமோ அதற்கு மேலோ, கருவிலும் குழியவுருவிலும் அழுத்தமாகக் கபிலமானால்தான் "நேர்" என்று எழுதப்படும். ஆகவே "எதிர்" என்பதை நல்ல செய்தி என்றோ கெட்ட செய்தி என்றோ எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இதில் ஒரு முரண் இருக்கிறது; அதனால்தான் மருத்துவ மாணவர்களும் இதில் தடுமாறுகிறார்கள். பி16 புரதத்தை உண்டாக்குவது சி.டி.கே.என்.2ஏ, அதாவது உங்கள் அறிக்கையின் இரண்டாவது வரி. உன்னிச்சைக் குளத்தின் வான்கதவை நினைத்துக்கொள்ளுங்கள். கலப்பிரிவை அடைத்து வைத்திருக்கும் கதவு ஆர்.பி. என்ற இன்னொரு புரதம். அந்தக் கதவைத் திறந்துவிடும் நொதியங்களைத் தடுத்து, கதவு மூடியே இருக்கும்படி பார்த்துக்கொள்ளும் காவலாளி பி16. உங்கள் அப்பாவின் கட்டியில் காவலாளியே இல்லை. இரு பிரதிகளும் போய்விட்டன. எனவே கபில நிறம் வராமல் இருப்பது எதிர்பார்க்கத்தக்கதே. பயொப்சியின் அந்த வரியும் வெளிநாட்டு அறிக்கையின் இரண்டாவது வரியும் சொல்வது ஒரே விடயம். இரண்டு தனித்தனி ஆபத்துகள் என்று கூட்டிப் பார்க்க வேண்டாம்.

எச்.பி.வி. (மனித பப்பிலோமா வைரசு) என்ற வைரசால் வரும் கட்டிகளில் நடப்பது வேறு; பி16 சோதனை அவற்றை அடையாளம் காண்பதற்கே பயன்படுகிறது. வைரசின் ஈ7 என்ற புரதம் கதவையே அடித்துக்கொண்டு போகிறது; ஈ6 என்பது பி53ஐ அழிக்கிறது. கதவு போனது தெரியாமல் காவலாளி இன்னும் வேகமாகச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கிறான்; பி16 அளவுக்கு மீறிப் பெருகுகிறது; கண்ணாடி முழுவதும் கபிலமாகிறது. அப்படிப்பட்ட கட்டிகளில் ரி.பி.53 விகாரம் அரிது, ஏனெனில் அந்த வேலையை வைரசு முன்பே முடித்துவிட்டது. இவை பெரும்பாலும் அடிநாச் சதையிலும் (ரொன்சில்) நாக்கின் அடியிலும் வருபவை. சிகிச்சைக்கு நன்றாக இணங்குபவை. இதனாலேயே பன்னாட்டு நிலைப்படுத்தல் கையேட்டின் எட்டாம் பதிப்பு அவற்றைத் தனி நோயாகப் பிரித்தது. குரல்வளைக் கட்டிக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. ஆகவே உங்கள் அப்பாவின் அறிக்கையில் பி16 வரி இல்லாமலிருந்தாலும் குறையொன்றும் இல்லை.

அடுத்து 38 சதவீதம். அந்த இடத்தை இயந்திரம் நூறு தடவை வாசித்திருந்தால் 38 தடவை தைமினைக் கண்டது என்பதே அதன் பொருள். பிறவியிலேயே வந்த விகாரமானால் இரண்டு பிரதிகளில் ஒன்று மாறியிருக்கும், அளவு ஐம்பதை ஒட்டி நிற்கும் என்பது பொது விதி. ஆனால் 38 என்பது 50 அல்ல என்று இதோடு முடித்துவிடக் கூடாது. துண்டில் கட்டிக் கலங்களோடு சாதாரண கலங்களும் குருதிக் கலங்களும் கலந்தே இருக்கும். கட்டிக் கலங்களிலும் பிரதிகளின் எண்ணிக்கை மாறியிருக்கும். எனவே கட்டியை மட்டும் பார்த்து இதைத் தீர்மானிக்க முடியாது. ஐயம் இருந்தால், அப்பாவின் கையிலிருந்து சிறிது இரத்தம் எடுத்து அதே இடத்தை வாசிப்பதே நேரான வழி. விகாரம் கட்டியில் காணப்பட்டு, இரத்தத்தில் காணப்படவில்லை என்றால் பேச்சு முடிந்தது.

ஒரு துணைச் செய்தி. அந்த முகவரிடம் மெழுகுக் கட்டையைக் கொடுத்திருந்தால், கட்டை எண்ணைச் சொல்லித் திருப்பி வாங்கிவிடுங்கள். பிற்காலத்தில் ஏதேனும் சோதனை தேவைப்பட்டால், சீவுவதற்கு அந்தக் கட்டைதான் இருக்கும்.


களுவாஞ்சிகுடி மகள்:

சேருக்கும் உங்களுக்கும் மிக்க நன்றி. வான்கதவு உவமையை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன்; ஐந்து நாட்களுக்குப் பிறகு முதன்முறையாக வாய் திறந்து, "அப்ப எனக்குள்ள காவற்காரன் ஓடிப்போயிட்டான்" என்றார். இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. பி.ஐ.கே.3சி.ஏ.க்கு ஒரு மாத்திரை இருக்கிறது, அதைக் கேட்டு வாங்கு என்கிறார் அத்தான். அதை மருத்துவரிடம் கேட்கலாமா? அடுத்தது, என் அண்ணனும் வெற்றிலையும் புகையிலையும் போடுகிறவர். பரம்பரை இல்லை என்றால் அவருக்குப் பயமில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?


வெள்ளைக்கோட்டு, அம்பாறை:

முதலாவது கேள்விக்கு விடை: கேட்கலாம், ஆனால் தேவைப்படாது. உங்கள் அத்தான் குறிப்பிடுவது 2019இல் ஒருவகை மார்புப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட மருந்தாக இருக்கவேண்டும். அது அந்தப் பரம்பரையலகில் குறிப்பிட்ட எழுத்து மாறிய நோயாளிகளுக்கானது. உங்கள் அறிக்கையில் எழுத்து மாறவில்லை, பிரதிகள் கூடியிருக்கின்றன, இரண்டும் ஒன்றல்ல. நோயும் வேறு. ரி.பி.53க்கோ சி.டி.கே.என்.2ஏ.க்கோ தொண்டைப் புற்றுநோயில் வழக்கமாகக் கொடுக்கும் மாத்திரை எதுவும் இல்லை. 2015இல் வெளியான, 279 தலை, கழுத்துக் கட்டிகளை முழுமையாக வாசித்த ஆய்வில், வைரசு தொடர்பற்ற கட்டிகளில் ஐந்தில் நான்குக்கும் அதிகமானவற்றில் ரி.பி.53 மாறியிருந்தது. சி.டி.கே.என்.2ஏ.வும் பெரும்பாலானவற்றில் செயலிழந்திருந்தது. 3ஆம் நிறமூர்த்தத்தின் நெடுங்கையில், பி.ஐ.கே.3சி.ஏ. இருக்கும் பகுதி பெருகுவதும் வழமையே. ஆக, அந்தப் பணத்தைக் கட்டி உங்கள் அத்தான் பெற்ற விடை, இது புகைப்பவருக்கு வரும் வழமையான குரல்வளைக் கட்டி என்பதாகும். அன்பினால் செய்ததை நான் குறைகூறவில்லை. ஆனால் முதலாம் நிலையில் இருக்கும் ஒருவருக்கு இச்சோதனை சிகிச்சையின் ஒரு நாளையேனும் மாற்றாது. நோய் பரவியோ மீண்டும் வந்தோ இருந்தால் நிலைமை வேறு. அப்போது ஈ.ஜி.எப்.ஆர். என்ற ஏற்பியைத் தடுக்கும் செற்றுக்சிமாப், நோயெதிர்ப்பைத் தூண்டும் பெம்புறோலிசுமாப் போன்றவற்றைப் பற்றிப் பேசவேண்டி வரும். அப்போதும் மருந்தைத் தெரிவுசெய்ய முதலில் பார்க்கப்படுவது இந்த மூன்று வரிகள் அல்ல.

குரல்நாணில் தொடங்கும் கட்டிக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அது மிகச் சிறிதாக இருக்கும்போதே குரலைக் கெடுத்துத் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. குரல்நாணில் நிணநீர்க் குழாய்கள் மிகக் குறைவு என்பதால் கழுத்துக்குப் பரவவும் தாமதிக்கிறது. முதலாம் நிலையில் கதிர்ச்சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேருக்குக் கட்டி அந்த இடத்தில் திரும்பி வருவதில்லை. ஐந்தரை அல்லது ஆறரை வாரம், வாரத்தில் ஐந்து நாள் என்று நாள் குறித்திருப்பார்கள். ஒரு நாளும் தவறக்கூடாது. களுவாஞ்சிகுடியிலிருந்து தினமும் போய்வருவது கடினமானால், தங்குமிடத்தை இப்போதே ஒழுங்குசெய்யுங்கள். அந்த வாரங்களில் பீடி ஒன்றுகூட வேண்டாம். புகைத்துக்கொண்டு கதிர் பெறுபவர்களில் சிகிச்சை குறைவாகவே பலிக்கிறது என்பது பலமுறை காட்டப்பட்டுள்ளது.

இரண்டாவது கேள்வி எனக்கு முக்கியமாகப் படுகிறது, ஏனெனில் அதில் தர்க்கம் தலைகீழாகிறது. பரம்பரை இல்லை என்பதால் பயமில்லை என்று முடிவெடுக்கக் கூடாது. பரம்பரை இல்லாததால்தான் அவரவர் பழக்கமே அவரவர் ஆபத்தைத் தீர்மானிக்கிறது. தாய், தகப்பன், சகோதரர்களில் ஒருவருக்குத் தொண்டை அல்லது வாய்ப் புற்றுநோய் இருந்தால் மற்றவர்களுக்கு ஆபத்து ஓரளவு கூடுகிறது என்பது உண்மை. ஆனால் ஒரே வட்டாவிலிருந்து வெற்றிலை எடுக்கும் குடும்பத்தில், அதில் எவ்வளவு இரத்தம், எவ்வளவு வட்டா என்று பிரித்தெடுப்பது இலகுவல்ல. வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வகைப்படுத்தியது. புகையிலை சேர்ந்தால் இன்னும் மோசம். உங்கள் அண்ணனை வாயைத் திறந்து ஒரு பல் வைத்தியரிடம் காட்டச் சொல்லுங்கள். கன்னத்தின் உட்புறம் இறுகி மூன்று விரல் உள்ளே போகாவிட்டாலோ, வெண்படலம் இருந்தாலோ தாமதிக்க வேண்டாம்.

தொடர்ந்து பார்க்கவேண்டும் என்பது அப்பாவுக்கும் பொருந்தும். 1953இல் சுலோட்டர் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும், வெட்டி எடுத்த கட்டிகளைச் சுற்றிப் பார்த்தபோது, கட்டிக்கு அப்பாலும் மேலணி மாறியிருப்பதைக் கண்டார்கள். வயலில் ஒரு மூலையில் நோய் விழுந்த பயிரைப் பிடுங்கினாலும் முழு வயலையும் பார்க்கவேண்டும் அல்லவா. ஏறக்குறைய அதே பொருளில் அவர்கள் இதற்குப் பெயரும் வைத்தார்கள். பி53 கெட்ட கலங்களின் சிறு திட்டுகள், பார்வைக்கு நலமாகத் தெரியும் இடத்திலும் இருக்கக்கூடும் என்பது பின்னர் உறுதியானது. ஆகவே கட்டி மறைந்த பின்னரும் கிளினிக் திகதிகளைத் தவறவிடக்கூடாது.

பிறவியிலேயே ஆபத்தைக் கூட்டும் நிலைகள் மிகச் சில உள்ளன. பன்கோனி இரத்தச்சோகை என்ற அரிய பிறவி நோய் உள்ளவர்களுக்கு இளவயதிலேயே இப்புற்றுநோய் வருவதுண்டு. ரி.பி.53 பிறவியிலேயே மாறியிருக்கும் குடும்பங்களும் உண்டு. ஆனால் அங்கே நாம் காண்பது சிறுவயதில் எலும்பு, தசைப் புற்றுநோய்கள், முப்பதுகளில் மார்புப் புற்றுநோய், மூளைக் கட்டி போன்றவை. அவை எதுவும் உங்கள் குடும்பத்தில் இல்லை என்றால், 63 வயதில் நாற்பது வருடப் பீடிக்குப் பின் வந்த குரல்வளைக் கட்டிக்கு அந்த விளக்கம் தேவையில்லை. மன அமைதிக்காக இரத்தச் சோதனை செய்வதானால் செய்யுங்கள், நான் வற்புறுத்தமாட்டேன்.


அக்கரைப்பற்று நானா:

தங்கச்சி, விஞ்ஞானம் எல்லாம் மேலே சொல்லிவிட்டார்கள். எனக்கு 2019இல் இதே இடத்தில் இதே நோய், நானும் பீடிக்காரன். எங்கள் வாப்பா எண்பத்தொரு வயது வரை இருந்தார். ஒரு பீடியைக்கூடத் தொட்டதில்லை, தொண்டையில் ஒன்றும் வரவில்லை. என் பிள்ளைகளுக்கும் இல்லை. கதிருக்கு முகமூடி ஒன்று செய்வார்கள். சூடான வலையை முகத்தில் வைத்து அழுத்தி, மேசையோடு பூட்டுவார்கள். முதல் நாள் மூச்சு முட்டுவது போலிருக்கும், அப்பாவுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மூன்றாம் வாரத்துக்குப் பிறகு விழுங்குவது கடினம். கஞ்சியும் ஆறவைத்த சோறும்தான் இறங்கும். தூள் கறியை மறந்துவிடவேண்டும். குரல் எனக்குப் பழையபடி வரவில்லை, ஆனால் தொலைபேசியில் ஆளைத் தெரியும். திருக்கோவில்காரர் விடயத்தில், தொலைபேசியை எடுக்காவிட்டால் நேரில் போங்கள். அறிக்கையைக் கொண்டு போகவேண்டாம்; ஊரில் அவர்கள் மதிக்கும் ஒரு வைத்தியரையோ ஆசிரியரையோ கூட்டிக்கொண்டு போங்கள்.


களுவாஞ்சிகுடி மகள்:

அனைவருக்கும் நன்றி. மெழுகுக் கட்டையைத் திருப்பி அனுப்பும்படி முகவருக்கு இன்று காலை எழுதிவிட்டேன். கட்டை எண் பயொப்சி அறிக்கையின் வலது மேல் மூலையிலேயே இருந்தது, இவ்வளவு நாளும் அதைப் பார்க்கவில்லை. முகமூடி செய்யத் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். தாடியை மழித்துக்கொண்டு போகவேண்டுமா என்று அப்பா கேட்கிறார். மேலே எழுதிய சேர் கல்முனை என்கிறார். திருக்கோவில் அங்கிருந்து தூரமில்லை. அவர் வருவதற்கு இசைந்தால், அண்ணன் வானில் வந்து ஏற்றிக்கொள்வார்.


பழைய உயிரியல் வாத்தியார், கல்முனை:

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் வருகிறேன். தாடியை மழித்துக்கொண்டு போவதே நல்லது. இடையில் மழித்தால் முகமூடி தளர்ந்துவிடும்.